வலிக்காத முட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடமிருந்து தசைவலிக்கு அடிக்கும் ஸ்பிரே வாசனை வந்தது. விடியற்காலையில் எங்கேயோ ஓடி முடித்து, அவசரமாகக் குளித்துவிட்டு நேரே சர்ச்சுக்கு வந்திருப்பார் போல. அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நெடி என்னை லிங்கராஜபுரம் மேம்பாலத்து ஏற்றத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

நானும் ஒரு காலத்தில் ஓடினவன்தான். இப்போது என்னைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சட்டைப் பொத்தானுக்கும் வயிற்றுக்கும் தினமும் தகராறு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வைட்ஃபீல்ட் ஆபீசில் பரிசோதனை செய்து, சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொன்னார்கள். பயந்துபோய் முதல் காரியமாக நல்ல ஷூ வாங்கினேன். அடுத்து, இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம். ஓடுவது மட்டும் நடக்கவில்லை. அதற்கு ஜெபா வர வேண்டியிருந்தது.

ஜெபா என் மனைவி மெர்சியின் தம்பி. அவளுக்குப் பதினோரு வயது இளையவன். ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜாகை. அவனுடைய ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். அதன்பின் தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து அவனை வளர்த்தது மெர்சிதான். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் வாயில் 'தம்பி' என்ற வார்த்தை எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அப்போது உங்களுக்குப் புரியும்.

எங்கள் வாரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. செவ்வாய் மைதானத்தில் வேக ஓட்டம், வியாழன் மேம்பாலத்தில் ஏறி இறங்குவது. வெள்ளி சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் என்பதால் மெர்சிக்கு வேலை அதிகம். சனிக்கிழமை காக்ஸ் டவுன் வழியாக அல்சூர் ஏரியைச் சுற்றி வரும் நெடிய ஓட்டம். முடிந்ததும் எங்கள் வீட்டில் ஆப்பம், தேங்காய்ப்பால். சொல்லப்போனால் நான் பாதித் தூரத்துக்கு மேல் ஓடினது அந்தத் தேங்காய்ப்பாலை நினைத்துத்தான். ஞாயிறு மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

மேம்பாலத்தில் ஜெபாவுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு ஆளுக்காக ஜெபிப்பான். மூச்சு வாங்கிக்கொண்டே, "இது யாருக்குடா?" என்பேன்.

"இது அக்காவுக்கு. அடுத்தது உங்க தொப்பைக்கு. பேசாம வாங்க அத்தான், மூச்சு போயிடும்."

இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தோம். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானத்தில் ஷூ கயிறு கட்டிக்கொண்டே சொன்னான். கூட வேலை பார்க்கிற ஹெப்சியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறானாம். அவள் குடும்பம் சந்தாபுராவில், வேறு சபை. எங்களைப் போலக் குழந்தையிலேயே தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை. வளர்ந்தபின் மனசறிந்து தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் அவர்களுக்கு ஞானஸ்நானம்.

"இந்த ஞாயிறு நானும் எடுக்கிறேன் அத்தான். அவளுக்காக மட்டும் இல்ல. எனக்கே தோணிச்சு. சனிக்கிழமை அக்காகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க சொல்லிடாதீங்க."

சரி என்றேன். அன்றைக்கு அது பெரிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, "தம்பி சபை மாறிட்டானாமே?" என்று மெர்சியிடம் கேட்டுவிட்டாள். எல்லோரும் போனதும் மெர்சி என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கிழமை சொன்னான்."

உள்ளே போய், ஆப்பத்துக்கு ஊறப்போட்ட அரிசியை மிக்ஸியில் போட்டாள். அந்தச் சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது.

மறுநாள் ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தோம். முதல் ஆப்பத்தை அவன் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப, உன் ஞானஸ்நானத்துக்கு பாஸ்டர் முன்னாடி உன்னைத் தூக்கிட்டு நின்னது யாருன்னு தெரியுமாடா?"

"நீதான்க்கா."

"கை வலிக்க வலிக்க நின்னேன். அது ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லைன்னு நான் சொல்லவே இல்லக்கா."

"அப்ப எதுக்கு மறுபடியும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் தேங்காய்ப்பால் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனான். ஞாயிறு அவன் சந்தாபுராவில் தொட்டியில் மூழ்கி எழுந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெஞ்சில் இருந்தோம். மெர்சி எந்தப் பாட்டும் பாடவில்லை.

அடுத்த செவ்வாய் அதிகாலை நான் ஷூவைக் கையில் எடுத்தபோது, "போங்க, நான் ஒண்ணும் தடுக்கல" என்று படுக்கையிலிருந்தே சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். ஷூவை வைத்துவிட்டு ஜெபாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: முட்டி வலிக்கிறது, ஓட முடியாது.

உடனே பதில் வந்தது. ஐஸ் வையுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள், பந்தயத்துக்குள் சரியாகிவிடும், நான் ஜெபம் பண்ணுகிறேன். நன்றாயிருந்த முட்டியை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை கேட்டான். சனிக்கிழமை கேட்டான். "இன்னும் வலிதான்" என்றே அனுப்பினேன். ஒரு நாள் பால் வாங்கப் போனவன் அவனை மேம்பாலத்தின் அடியில் பார்த்தேன். கைகால்களை உதறிக்கொண்டு, எங்கள் தெரு இருக்கிற பக்கம் பார்த்து நின்றான். பேக்கரி ஓரமாக ஒதுங்கி, வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன். நொண்டக்கூட இல்லை. பந்தயத்தை அவன் தனியாக ஓடினான். அதற்குப் பிறகு முட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை; அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. மெர்சி அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணத்தன்று நாங்கள் போகவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் புடவை மாற்றியிருப்பாள் என்று பிற்பாடு பலமுறை தோன்றியிருக்கிறது. அவர்கள் சந்தாபுராவிலேயே குடியேறினார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து இரண்டு வருஷம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. நான் மறுபடி ஓடவே இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மெர்சி தலை நிமிராமல், "அவன் நம்பருக்குப் போன் போகலங்க" என்றாள். எத்தனை நாளாய் முயற்சி செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. "சந்தாபுரா எவ்வளவு தூரம்?" என்று அவளே கேட்டாள்.

"முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

"அவ்வளவுதானா?"

சனிக்கிழமை டாக்சி பிடித்துப் போனோம். பத்திரிகையில் இருந்த விலாசத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமானது. கதவைத் திறந்தது வேறு குடும்பம். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, "அவரு ஹோகி நால்கு வர்ஷ ஆய்த்து" என்றாள். போய் நாலு வருஷமாம். எந்த ஊருக்கென்று தெரியாது. சபைக்காரர்களும் இடம் மாறிவிட்டார்களாம். நாங்கள் திரும்பும்போது, நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறி, "ஒரு பொண்ணு இருந்துச்சே, சின்னது. நல்லா ஓடும்" என்றாள்.

மெர்சி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பேரு என்னங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை என்றாள்.