கெட் மாஸ்டர் சபாபதி

சிதம்பரத்தில் சபாபதி வீடு எது என்று கேட்டால், எந்தச் சபாபதி என்று திருப்பிக் கேட்பார்கள். நடராஜர் ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. கெட் மாஸ்டர் என்று கேட்டுப் பாருங்கள், பஸ் நிலையத்து ஆட்டோக்காரர் யாராக இருந்தாலும் டயர் கடை வாசலில் இறக்கிவிட்டு மாடியைக் காட்டுவார். மாடியில் 'லண்டன் வாய்ஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று ஒரு பலகை. பலகையில் ஒரு மணிக்கூண்டுப் படம். அது லண்டனில் இருக்கிறது என்று சபாபதி சொல்வார். அவர் தன் வாழ்நாளில் போன அதிகபட்சத் தூரம் திருப்பதி.

அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி மலர்க்கொடிக்கு வயிறு எரியும். புவனகிரிப் பக்கம் நெல்லும் உளுந்தும் போட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. 2004இல் பெண் கேட்டு வந்தபோது தரகர் சொன்னது, "மாப்ள இங்கிலீஷ் புரொபசர்." எந்தக் காலேஜில் என்று அவள் அப்பா கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதாம். தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை அதுவரை பஸ்ஸில் ஏறிப் புத்தகம் விற்றவர்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது ஏறுவார். வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். இடது கையில் ஒல்லியான ஒரு இங்கிலீஷ் புத்தகம். கெட் என்ற ஒரே சொல்லை எடுத்து, அதற்கு எத்தனை அர்த்தம் என்று மூச்சு விடாமல் பேசி, நாலு பிரதியைத் தள்ளிவிட்டு, வண்டிகேட் நிறுத்தம் வருவதற்குள் இறங்கிவிடுவார். இதுதான் புரொபசர் உத்தியோகம்.

புத்தகம் விற்றதில் மலர்க்கொடிக்கு ஒரு இளக்காரமும் இல்லை. வெயிலில் நின்று உழைத்த காசு அது. அதே ஆள் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு, அதே பஸ் பேச்சை மாடியில் பெஞ்சு போட்டுப் பேசி, அதற்குப் படிப்பு என்று பேர் வைத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மாடியில் பேசும்போதும் வலது கை தானாக மேலே போய், இல்லாத கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மாணவர்கள் அதை லண்டன் ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

முன்பக்கம் வகுப்பு, பின்பக்கம் குடித்தனம், நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு, அதில் ஒரு கதவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புது ஆட்களுக்கு இலவச வகுப்பு நடக்கும். அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி கேட்டுக் கேட்டு மலர்க்கொடிக்கே அது பாடமாகிவிட்டது.

"ஐ காட் எ லெட்டர், எனக்குக் கடிதம் கிடைத்தது. ஐ காட் ஹோம், நான் வீடு போய்ச் சேர்ந்தேன். ஐ காட் வெட், நான் நனைந்துவிட்டேன். ஐ காட் இட், எனக்குப் புரிந்தது. ஐ காட் சிக், எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கெட் அப், எழுந்திரு. கெட் டவுன், இறங்கு. கெட் லாஸ்ட், தொலைந்து போ. பார்த்தீங்களா சார், கிடைப்பதும் இதே சொல், சேர்வதும் இதே சொல், ஆவதும் இதே சொல். இந்த ஒன்றைக் கையில் பிடித்துவிட்டால் உலகமே உங்கள் பாக்கெட்டில்."

அவர் சொன்ன அர்த்தம் எதுவும் தப்பில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குமேல் அங்கே ஒன்றும் கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வரிசை மாறாமல் அந்த அர்த்தங்களை ஒப்பிக்க வேண்டும். ஒரு இடத்தில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. சிங்கப்பூர் போகக் காத்திருந்த காத்தவராயன் என்ற பையன், "சார், சாப்டீங்களான்னு எப்படிக் கேக்கறது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். "அது அட்வான்ஸ் கோர்ஸ்" என்று சபாபதி சொல்லிவிட்டார். அப்படி ஒரு கோர்ஸ் இன்றுவரை தொடங்கவில்லை.

இந்தக் கூத்து பிளைவுட்டுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றிருந்தால் மலர்க்கொடி வாயை மூடிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். 2005இல் மகள் பிறந்தாள். கனிமொழி என்று பேர் வைத்தார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் சபாபதி ஒரு சட்டம் போட்டார். வீட்டில் பிள்ளை தமிழ் பேசக் கூடாது. தமிழில் தண்ணீர் கேட்டால் தண்ணீர் கிடையாது. 'கெட் மீ வாட்டர்' என்று கேட்டால்தான் சொம்பு நகரும். அப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். டாடி என்றால்தான் காது கேட்கும்.

மலர்க்கொடி பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். பெற்ற பிள்ளையோடு பேச அவளுக்கு இருந்த பாஷை அது ஒன்றுதான். அவர் இல்லாத நேரத்தில் மடியில் போட்டுக்கொண்டு ரகசியமாகப் பேசுவாள். ஆனால் பிள்ளைக்கு எந்த நேரத்தில் எது பேசலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று வாயையே மூடிக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் போய்த் தொட்டுக்கொண்டு நிற்கும். அடிபட்டால் அடிபட்ட இடத்தைக் காட்டும். விருந்தாளி வந்தால் மட்டும் சபாபதி அதை முக்காலியில் ஏற்றி நிறுத்துவார். அது கண்ணை மூடிக்கொண்டு கெட் என்ற சொல்லின் அர்த்தங்களைக் கடகடவென்று ஒப்பிக்கும். வந்தவர்கள் கை தட்டுவார்கள். இறங்கியதும் பழையபடி வாய் மூடிக்கொள்ளும்.

"என்னாடி மலரு, பாப்பா வாயத் தொறக்கவே மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள். "ஊமையான்னு எங்கூட்டுக்காரரு கேக்குறாரு. டாக்டர்கிட்ட காட்டுனியா?"

மலர்க்கொடிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இப்படியே இருந்தால் உள்ளே இருக்கிற பேச்சு செத்தே போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே கேட்டாள்.

"என்னாங்க, அது எங்கிட்டயாவது தமிழ்ல பேசட்டுமே. என்னா கெட்டுப்போச்சி?"

"பாரின்ல எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான் வளருது மலரு. உனக்குச் சொன்னா வெளங்காது."

"பாரின்ல அதுங்க அம்மாவுக்கும் அந்தப் பாஷ தெரியுங்க."

அவர் டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவர் டையைக் கழற்றுவார்.

2010 கோடையில் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. கடலூரில் பேர்போன ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது. சேர்த்துவிட்டால் குடித்தனத்தைக் கடலூருக்கு மாற்றி, அங்கேயும் ஒரு மாடி பிடித்து, என் மகள் இன்ன பள்ளியில் படிக்கிறாள் என்று நோட்டீஸ் அடிக்கலாம். பிள்ளை படிப்பதைவிட நோட்டீஸ்தான் அவர் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பள்ளியில் பிள்ளையோடு அப்பா அம்மாவையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கப்போவது யார் என்று மலர்க்கொடிக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீ வாயத் தொறக்காத. சிரி, அது போதும்" என்று சபாபதி அவளுக்குச் சொல்லி வைத்தார்.

கத்திரி வெயில். காலை பஸ்ஸிலேயே நிற்க இடமில்லை. சபாபதி கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் டையுமாக, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மலர்க்கொடிக்கு நாலு வரிசை முன்னால் இடம் கிடைத்தது. பி.முட்லூர் தாண்டியதும் வண்டி வேகம் பிடித்துக் குலுங்க ஆரம்பித்தது. புதுச்சத்திரம் வரும்போது பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது.

"டாடி. கெட்..."

"எஸ், கெட்" என்றார் சபாபதி, சுற்றிலும் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி.

"டாடி, கெட்... கெட்..."

"வெரி குட். டு ரிசீவ். நெக்ஸ்ட்?"

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது, இன்னொரு கை அப்பாவின் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அவர் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் தின்ற இட்லி மொத்தமும் வெள்ளைச் சட்டையில்.

"வாந்தி வருதுன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சனியனே" என்று சபாபதி கத்தினார். சுத்தமான தமிழ். அந்த நேரத்தில் ஒரு இங்கிலீஷ் சொல் அவர் வாயில் வரவில்லை. உடம்பு சரியில்லாமல் போவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை விருந்தாளிகள் முன்னால் முக்காலியில் நின்று ஒப்பித்திருக்கிறது. தன் வயிற்றுக்குள் நடப்பதுதான் அது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கடலூர் பஸ் நிலையக் குழாயில் சட்டையை அலசி, ஈரத்தோடே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். தலைமை ஆசிரியை வயதான அம்மாள். மூக்கைச் சுளிக்காமல் உட்காரச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பிள்ளையிடம் இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். கனிமொழி எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். "கெட். டு ரிசீவ். டு அரைவ். டு பிகம்."

அந்த அம்மாள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தமிழில், "பாப்பா, உன் பேர் என்னம்மா?" என்றார். சொல்லலாமா என்று பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்தது. தலைமை ஆசிரியை மலர்க்கொடி பக்கம் திரும்பி, "வீட்ல பேசுவாளா?" என்று கேட்டார். மலர்க்கொடி என்ன செய்தாள் தெரியுமா? சொல்லிக் கொடுத்தபடி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை அப்புறம் எத்தனையோ தரம் காறித் துப்பிக்கொண்டாள்.

"முதல்ல குழந்தையைப் பேச விடுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அந்த அம்மாள் அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் சபாபதி, "அவுங்களுக்கு நம்ம லெவல் புரியல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இலவச வகுப்பு. கோடை விடுமுறை என்பதால் பெஞ்சு கொள்ளாத கூட்டம். மலர்க்கொடி அடுப்படியில் அந்த வெள்ளைச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் துவைத்தும் அது போகவில்லை. கனிமொழி பக்கத்தில் குந்தி, வாளியில் விரலை விட்டு நுரையை அளைந்துகொண்டிருந்தாள். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கடிதம் கிடைத்தது, வீடு போய்ச் சேர்ந்தது, மழையில் நனைந்தது. அடுத்தது புதிதாக இருந்தது.

"ஐ காட் சிக். இதுக்கு என் டாட்டரையே உதாரணம் சொல்றேன். போன வாரம் கடலூர் போற பஸ்ல, 'டாடி, ஐ ஆம் கெட்டிங் சிக்' அப்படின்னா. அஞ்சு வயசு. உடனே வண்டிய நிறுத்தி எறக்கிட்டேன். சட்டையில ஒரு சொட்டுப் படல. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து வந்து கை குடுத்தாங்க, இந்த மாதிரிக் குழந்தைய நான் பாத்ததே இல்லன்னு."

கை தட்டலில் மாடியே அதிர்ந்தது. மலர்க்கொடியின் கை சட்டையிலேயே நின்றுவிட்டது. இந்த மனுஷனுக்கு வெட்கம் என்ற ஒன்றைப் படைத்தவன் வைக்கவே இல்லையா என்று தோன்றியது. அப்போதுதான் பக்கத்தில் குரல் கேட்டது.

"அம்மா."

திரும்பினாள். பிள்ளை வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, சட்டையில பட்டுச்சில்ல?"

முழு வாக்கியம். ரகசியக் குரல் இல்லை, சாதாரணக் குரல்.

"பட்டுச்சிடா கண்ணு."

"அப்ப அப்பா ஏன் படலன்னு சொல்றாரு?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் கை தட்டல் ஓய்ந்துவிட்டது. யாரோ ஒருவர் கிளுக்கென்று சிரித்தார். "கனி, சைலன்ஸ். நோ தமிழ்" என்று சபாபதியின் குரல் வந்தது. பிள்ளையின் கை வாய்க்குப் போயிற்று, பஸ்ஸில் போனதுபோலவே.

மலர்க்கொடி அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். வாளியிலிருந்து சட்டையைப் பிழியாமலே தூக்கினாள். பிளைவுட் கதவைக் காலால் தள்ளித் திறந்து, பிள்ளையோடு வகுப்புக்குள் போய் நின்றாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பெஞ்சு ஓரமாக ஓடியது. அத்தனை பேரும் மஞ்சள் கறையைப் பார்த்தார்கள்.

"சத்தமாக் கேளுடி" என்றாள் மலர்க்கொடி. "அவுங்களுக்கும் கேக்கட்டும்."

சபாபதியின் வலது கை மேலே போய்க் கம்பியைத் தேடியது. கனிமொழி முதலில் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"அப்பா, சட்டையில பட்டுச்சில்ல?"