வாய்வுப் பிடிப்பு என்றாள் ராஜி

காலையில் எங்கள் மருந்துக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ராஜியின் கணவர் போன் செய்தார். "அக்கா, ராஜி போயிட்டாக்கா. ஹார்ட் அட்டாக்காம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு மலை எறங்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். பாதி ஏறிய ஷட்டரைப் பிடித்தபடியே நின்றேன்.

கொடைக்கானலில் எங்கள் கடைக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் ராஜேஸ்வரியைத் தெரியும். பன்னிரண்டு வருடம் நானும் அவளும் ஒரே கவுண்டரில் நின்றோம். வலி என்று வருபவர்களை அவள் லேசில் விடமாட்டாள். ஒருமுறை கூக்கால் கிராமத்திலிருந்து பூண்டு விவசாயி ஒருவர் வீங்கிய கணுக்காலோடு வந்து, வலிக்கு ஒட்டும் சூட்டுப் பட்டை கேட்டார். ராஜி குளிர்ச்சிப் பட்டையை நீட்டினாள்.

"ஏம்மா, ஊரே வெறைச்சுக் கெடக்கு, இதுல குளிர்ச்சிய ஒட்டச் சொல்றியா?" என்று மனிதர் எகிறினார்.

"வீக்கத்துக்குக் குளிர்ச்சிதாங்க. இப்ப சூட்ட ஒட்டுனீங்கன்னா நாளைக்குக் காலு செருப்புக்குள்ளயே போகாது" என்றாள். அவரும் சிரித்துவிட்டு வாங்கிப் போனார்.

ஒரு சொல்லை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு "வாய்வும்மா, ஒரு பட்டை குடு" என்றால் முகம் மாறிவிடும். "வாய்வான்னு டாக்டரு சொல்லட்டுங்க. வெரசா போய் ஈசிஜி எடுங்க" என்று துரத்துவாள்.

அப்படிப்பட்டவள், தனக்கு இடது தோளுக்குக் கீழே வலி வந்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? "வாய்வுப் பிடிப்புக்கா. பெட்டி தூக்குனதுல புடிச்சிருச்சு. ஒரு சூட்டுப் பட்டை ஒட்டி விடுங்க." முதுகுக்கு அவள் கை எட்டாது. நான்தான் ஒட்டினேன். நான்கு நாள், தினமும் ஒன்று.

மூன்றாம் நாள் கடைப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கினாள். "ஏண்டி, டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?" என்றேன்.

"சீசன் கூட்டம் நிக்குது, சோலியப் பாருங்கக்கா. பட்டை நல்லாக் காந்துது, வலி கேக்குது" என்றாள்.

நானும் நம்பினேன். அவள் ஊருக்கெல்லாம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அன்றைக்குக் கடையைச் சாத்தியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். பாவி நான், பட்டையின் ஓரம் தூக்காமல் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

அவள் உடலைக் குளிப்பாட்டும்போது, முந்தின நாள் நான் ஒட்டிய பட்டை முதுகில் அப்படியே இருந்தது. மற்ற பெண்களை விடாமல் நானே உரித்தேன். அடியில் தோல் சதுரமாகக் கன்றியிருந்தது. நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளுடைய ஸ்வெட்டரைக் கணவர் நீட்டினார். வேண்டாம் என்றேன். ராஜியிடமிருந்து எனக்கு அந்தச் சதுரம் இருக்கிறது. சாகும்வரை இருக்கும்.