ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த கிளிகள்

ஆசிரியையான என் மனைவி, நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே கையெழுத்து வகுப்பு நடத்தினாள். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டு அட்டையிலும் தன் கையால் ஒரு கிளி வரைந்து கொடுப்பாள். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடிகூட உண்டு.

எதையும் தேதி போட்டு ஒழுங்காக வைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை.

"போர்டு, நோட்டு, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே கிளி இருந்தாத்தான் நம்ம வகுப்புன்னு தெரியும்" என்றேன்.

"எல்லாம் ஒரே கிளியா இருந்தா எது யாரோட நோட்டுன்னு புள்ளைங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கிளி செய்து, ஸ்டிக்கராக அச்சடித்து, அவளுடைய கிளிகளின் மேலேயே ஒட்டினேன்.

அடுத்த மாதமே பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை செயலிழந்தது. அவள் வரைந்ததில் ஒன்றாவது வேண்டுமென்று பிள்ளைகளிடம் நோட்டுகளை வாங்கி ஸ்டிக்கர்களை உரித்தேன். அட்டையின் மேல்தாளோடு கிளிகளும் கிழிந்து வந்தன.

"வுடுங்க. ஒட்டுறதுல நீங்க கெட்டிக்காரரு" என்று குழறிச் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

இப்போது இடது கையால் வரைகிறாள். எந்தக் கிளியும் இன்னொன்றைப் போல இல்லை. நான் எதையும் திருத்துவதில்லை. ஒவ்வொன்றின் கீழும் தேதி மட்டும் எழுதி வைக்கிறேன்.