பூசணிக்காய் ஸ்குவாஷ்

என் அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. அகன்ற வாய், தகர மூடி. அதைத் துடைக்கும்போதெல்லாம் என் ஓரகத்தியின் நினைப்பு வரும். கூடவே வயிறும் கொஞ்சம் எரியும். இந்த வீட்டின் மூத்த மருமகள் அவர். திண்டுக்கல்லுக்கு, மகள் வீட்டோடு போய் வெகுகாலம் ஆகிறது. எரிச்சல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கொடைக்கானல் மலையில் இருக்கும் இந்தப் பேத்துப்பாறைக்கு நான் வாழ வந்தபோது என் கைவசம் இருந்த ஒரே வித்தை வத்தல் போடுவது. மலைக்குக் கீழே பாலசமுத்திரத்தில் எங்கள் அம்மா வீட்டு மொட்டைமாடியில் பூசணியைக் கீற்றுப் போட்டு விரித்தால், ஒடித்தால் ஒடியும் பதத்துக்குக் காய்ந்துவிடும். மலையில் அந்த வித்தை செல்லவில்லை. காலையில் விரித்ததை மதியம் மூடுபனி நனைத்துவிட்டுப் போகும். என் பூசணி வத்தலில் பூசணம் பூத்தது. மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஓரகத்திக்கோ தொட்டதெல்லாம் துலங்கும். கல்யாணத்துக்கு முன் கொடைக்கானலில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தவர். பேஷன் ஃப்ரூட் பழச்சாற்றைச் சர்க்கரையோடு ஸ்குவாஷாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்க அங்கேதான் கற்றார். மாதக்கணக்கில் கெடாது. அந்த விடுதியில் பூசணிக்கும் இங்கிலீஷில் ஸ்குவாஷ் என்றுதான் பெயராம். “ரெண்டும் ஸ்குவாஷ்தானடி, ஒரே பக்குவந்தான்” என்று சொல்லி, தோட்டத்துப் பூசணியைத் துண்டு போட்டு, பாட்டில்களில் அடைத்து, கொதிக்கிற தண்ணீரில் வைத்து எடுத்தார். ஜன்னலில் வரிசையாக நின்றபோது வெயில் பட்டுத் தகதகவென்று மின்னின. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன அழகு.

நாத்தனார் பிள்ளைத்தாச்சியாக வந்திருந்தாள். பூசணிப் புளிக்குழம்பின் மேல் ஆசை. தோட்டத்தில் கொடி ஓய்ந்திருந்த நேரம். ஓரகத்தி பெருமையாக ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தார். மூடி லேசாக மேலெழும்பியிருந்தது என் கண்ணில் பட்டது. சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், யார் இல்லையென்றது? ஆனால் மூடி எழும்பியதும் நிஜம், அவள் வயிற்றில் பிள்ளை இருந்ததும் நிஜம்.

“அக்கா, அதத் தொறக்காதீங்க. மூடி எழும்பி நிக்குது, உள்ள கெட்டுருக்கு. அந்த பேஷன் பழம் புளிப்பு, அதனால தாங்குது. பூசணியில புளிப்பு ஏது? இந்த மலையில கொதிக்கிற தண்ணிக்குப் பருப்பே வேக மாட்டேங்குது, உள்ள கெடக்குற கெடுதல் மட்டும் செத்துருமாக்கும்?”

“வயித்தெரிச்சல்ல பேசாதத்தா, ஒன் சோலியப் பாரு” என்றார் மாமியார். நாத்தனார் சிரித்தாள்.

ஓரகத்தி சிரிக்கவில்லை. மூடியைப் பெருவிரலால் அமுக்கினார். அமுங்கியது, டொக்கென்று திரும்ப எழும்பியது. முகர்ந்து பார்க்கக்கூட அவர் திறக்கவில்லை. அத்தனை பாட்டில்களையும் சாக்கில் போட்டு, தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: “இவ சொன்னதுதான் சரி. நாந்தான் பேரக் கேட்டு ஏமாந்துட்டேன்.” பிறகு, அடைக்காமல் மிச்சமிருந்த ஒரே காலி பாட்டிலை என் கையில் கொடுத்தார். “ஒங்க அம்மா வீட்டுல வத்தல் கெடக்கும்ல? வெள்ளனே பஸ் ஏறிப் போயி எடுத்துட்டு வா. நமுத்துப் போகாம இதுல போட்டு வை.”

ஜெயித்தது நான். ஆனால் தோற்றுவிட்டு அப்படி நிமிர்ந்து நிற்க எனக்கு வருமா? சத்தியமாக வராது. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஊரும் அதையேதான் பேசியது, மூத்தவளுக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று. மூடியைப் பார்த்தவளைப் பற்றி ஒரு பேச்சில்லை.

போன வாரம் நாத்தனார் மகனோடு வந்திருந்தாள். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இன்று என்னைவிட உயரம். கீழே பாலசமுத்திரத்து வெயிலில் போட்டு நான் கொண்டுவந்த வத்தலில் வைத்த குழம்பை மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான். நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள்.

“இது பெரிய அண்ணி பாட்டில்தான? பாத்தாலே அவுக மொகம் கண்ணுல நிக்குது.”

அவர் கொடுத்ததுதான் என்றேன். உள்ளே இருந்த வத்தலை யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.