மாறன் வந்த கப்பல்

மலேசியாவில், ஈப்போவின் பழைய கல்லறைத் தோட்டத்தில், பல மாதமாகத் தேடி அலைந்த என் மகள் ஒரு கல்லின் பாசியைத் துடைத்துப் படித்தாள்: "மோரன். அயர்லாந்து. பேராக் போலீஸ்."

அதைக் கேட்டதும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்தின் குழாயடி கண்முன் வந்தது. பால் காய்ந்து நாறும் சட்டையோடு அப்பா கை கழுவுவார். அவருக்குப் பூனைக்கண். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் மாறன். இந்தியாவிலிருந்து யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மாறன் என்று ஒருவரும் வந்ததில்லை.

"உங்கப்பன் எந்தக் கப்பல்லடா வந்தான்?" என்று கங்காணி சீண்டுவார்.

"வேற கப்பல்லதான் அண்ணே," என்பார் அப்பா, நிமிராமல். பொய் சொல்கிறார் என்றே நானும் வெட்கப்பட்டேன்.

"தாத்தா பிறப்புப் பத்திரத்துல 'மாறன், போலீஸ்'னு இருக்கே, இவர்தான்பா," என்றாள் மகள். "கொள்ளுப்பாட்டி மோரன்னு சொன்னது, பதிவு எழுதின தோட்டத்துக் கிராணி காதுல மாறன்னு விழுந்திருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மெஷினை நிறுத்தி, "யாருண்ணே, சொந்தமா?" என்றார்.

தெரியாதவரிடம் வாய் திறக்கவே கூசும் நான், "எங்கப்பாவோட அப்பா," என்றேன்.