இன்டர்வியூவுக்கு வைத்த எண்ணெய்

எழுபதுகளில் டொராண்டோவுக்கு வந்த எனக்கு, முதல் குளிர்காலத்தில் கிடைத்த ஒரே உத்தியோகம் ரசம் வைப்பது. மனைவி நர்ஸ். அவள் முதலில் வந்தாள், நான் பின்னால் வந்து சேர்ந்தேன். செயின்ட் ஜேம்ஸ் டவுனில் பதினாலாவது மாடியில் வீடு. காலையில் அவள் பனியில் கால் புதையப் புதைய நடந்து போவதை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, நான் புளியைக் கரைக்கப் போவேன்.

மெட்ராஸில் எட்டு வருஷம் டிராயிங் ஆபீஸில் பம்புகளின் படம் போட்டவன் நான். இங்கே போன இடமெல்லாம், கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்? நாலு மாதம் இப்படியே போனது. அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகமாகக் குத்தியது.

அவள் எனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்திருந்தாள். சிவப்பு நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். தலை கலைந்துவிடும் என்று சொல்லி நான் அதைத் தொடவே இல்லை. அவள் சம்பாத்தியத்தில் நான் தொப்பி போட்டுத் திரிவதா என்ற வீறாப்புதான் உண்மையான காரணம்.

ஜனவரியில் ஒரு பம்பு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. தலையில் எண்ணெய் இல்லாமல் ஒரு நல்ல காரியத்துக்குப் போவது எங்கள் ஊரில் சட்டை இல்லாமல் போவதற்குச் சமம். பாட்டிலில் தேங்காயெண்ணெய் மெழுகாகக் கெட்டிப்பட்டிருந்தது. வெந்நீரில் வைத்து உருக்கி, இன்டர்வியூ ஆயிற்றே என்று வழக்கத்தைவிட ஒரு கை கூடவே வைத்து, வகிடெடுத்துப் படிய வாரினேன்.

"தொப்பியப் போட்டுக்கிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"வாரின தல என்னாகுறது?"

லிஃப்டில் மேல்மாடி யாழ்ப்பாணத்துக்காரர் நின்றிருந்தார். ஏழு குளிர்காலம் கண்டவர். என் தலையைப் பார்த்துப் பதறினார்.

"என்ன அண்ணை, தொப்பி இல்லாமல் போறியள்? காது கழண்டு விழுந்திடும்!"

காது விழவில்லை. ஆனால் டிராம் வரவில்லை. காத்து நின்றபோது தலை மெல்ல இறுகியது. தொட்டுப் பார்த்தேன், முடி வளையவில்லை, நொறுநொறு என்றது. ஒருவழியாக டிராம் வந்து ஏறினால், வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எண்ணெய் உறைந்து தலை முழுக்க வெள்ளை. முப்பத்தொரு வயதில் நான் கிழவனாகியிருந்தேன். கால் வலித்ததால் உட்கார்ந்துகொண்டேன்.

ஆபீஸில் ஹீட்டர் தகதகவென்று எரிந்தது. மேனேஜர், சிரிக்காத மனிதர், ஒரு வால்வின் படத்தை என் முன் வைத்து, ஒரு மணி நேரத்தில் இதை வரையுங்கள் என்றார். பென்சிலை எடுத்தேன். நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. உறைந்ததெல்லாம் உருகி இறங்க ஆரம்பித்துவிட்டது.

அவர் அதை வியர்வை என்று நினைத்தார். பயப்படாதீர்கள் என்று சொல்லி, இரக்கப்பட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். பனிக்காற்று அடித்தது, எண்ணெய் புருவத்தில் அப்படியே நின்றது. பக்கத்து மேஜைக்காரர்கள் கத்தவே ஜன்னலை மூடினார். எண்ணெய் மறுபடி புறப்பட்டது. மூக்கு நுனிக்கு வந்து, படத்தின் ஓரத்தில் சொட்டென்று விழுந்தது. விழுந்த இடத்தில் காகிதம் கண்ணாடிபோல் ஆகி, அடியிலிருந்த மேஜையே தெரிந்தது.

போச்சு, மறுபடி ரசம்தான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அப்போது கை தானாக ஒரு வேலை செய்தது. மெட்ராஸில் மே மாதத்தில் வியர்வை படத்தில் விழாமலிருக்க நாங்கள் எல்லோரும் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொள்வோம். அப்படியே கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வரைந்து முடித்தேன்.

மேனேஜர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தச் சொட்டை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இது என்ன?"

"தேங்காயெண்ணெய், சார். தலைக்கு வைத்தது. வெளியே உறைந்துவிட்டது, உங்கள் ஆபீஸில் உருகிவிட்டது."

அந்தச் சிரிக்காத மனிதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"திங்கட்கிழமை வந்துவிடுங்கள். பம்புக்கு வேண்டிய எண்ணெய் எங்களிடமே இருக்கிறது. நீங்கள் கொண்டுவர வேண்டாம்."

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நாலு மாதமாக அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை எண்ணெயே வைக்கவில்லை. முடி தென்னந்துடைப்பமாக நின்றது. நானே போய் அந்தச் சிவப்புத் தொப்பியை எடுத்து வந்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை என் காது மூட இழுத்துவிட்டு, குஞ்சத்தைச் சரிசெய்தாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"கோமாளி மாதிரி இருக்கு," என்றாள். "கழட்டிராதீங்க."

இருவரும் ஒன்றாக லிஃப்டில் இறங்கினோம்.