அட்டை வீடு செய்த வக்கீல்

நீதிமன்றத்தில் அவரை ‘ஏழு வித்தை வக்கீல்’ என்பார்கள். பாராட்டு பாதி, நக்கல் பாதி. பகலெல்லாம் கருப்புக் கோட்டு. மாலையானால் வயலின், வாட்டர் கலர், நாடகம் என்று ஏதாவது ஒன்றில் கை வைப்பார். கிழிந்த சட்டப் புத்தகங்களைத் தானே தைத்து பைண்டிங் செய்வார். “எனக்கு ஒரு புருஷன், நாலு சக்களத்தி,” என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம். “அதுல அந்த வயலின்தான் ரொம்ப வாய்க்காரி.”

இதெல்லாம் வேலையற்ற வேலை என்று நினைத்தவர்களில் முதல் ஆள், பல வழக்குகளில் அவரை எதிர்த்து வாதாடிய இன்னொரு வக்கீல். “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்,” என்று வித்தைக்காரரின் காதுபடவே ஒருநாள் சொன்னார்.

“உண்மைதான் சார். ஆனா எல்லா மரத்து நிழல்லயும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு வித்தைக்காரர் டீயைக் குடித்தார்.

இருவரையும் நெருக்கமாக்கியது ஒரு சுவர். மாடி அறையில் வாடகைக்கு இருந்து துணி தைத்துவந்த ஒரு பெண்ணின் ஜன்னலை ஒரு பக்கமாக மறைத்து, வீட்டுக்காரர் சுவர் எழுப்பிவிட்டார். தையல்காரிக்கு ஏழு வித்தை வக்கீல் ஆஜரானார். வீட்டுக்காரருக்கு எதிர் வக்கீல்.

வாதம் நடந்த நாளில் ஏழு வித்தைக்காரர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். திறந்தால், அந்த மாடி அறை. ஜன்னல், தையல் மெஷின், வெளியே சுவர், எல்லாம் அடிக்கு ஓர் அங்குலம் என்று பிசகாத அளவில். கூரை தனியாகக் கழன்று வந்தது.

“ஐயா, இது கோர்ட்டா, பொம்மைக் கடையா?” என்று எதிர் வக்கீல் எழுந்தார்.

“உக்காருங்க. பாத்துடுவோம்,” என்றார் நீதிபதி.

ஏழு வித்தைக்காரர் ஒரு டார்ச்சை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மெஷின்மேல் வெளிச்சம் விழுந்தது. “காலைல வெளிச்சம் வருது ஐயா. இல்லன்னு நான் சொல்லல.”

எதிர் வக்கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கட்சிக்காரிக்குப் பாதகமானதைத் தானே சொல்லும் வக்கீலை அவர் பார்த்ததில்லை. டார்ச் மெல்லச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. “இது பத்து மணி. இது பதினொண்ணு.” மெஷின்மேல் நிழல் படிந்தது. “இதுக்கப்புறம் அந்தம்மாவால ஊசில நூல் கோக்க முடியாது.”

நீதிபதி நேரில் போய்ப் பார்த்தார். சுவரை நான்கடி குறைக்கச் சொல்லித் தீர்ப்பானது.

“உள்ளதைச் சொல்லிட்டு எப்படி சார் ஜெயிச்சீங்க?” என்று தோற்றவர் படிக்கட்டில் கேட்டார்.

“அது கெடக்கட்டும். உங்க குரல் நல்லா கணீர்னு இருக்கு. என் நாடகத்துக்கு ஒரு வில்லன் வேணும், வர்றீங்களா?”

ஒருமுறை பார்ப்போம் என்று போனவர் பத்தொன்பது வருடம் நடித்தார். வசனம் மறந்தால் பழக்கதோஷத்தில் “ஆட்சேபிக்கிறேன்” என்பார், கூட்டம் சிரிக்கும். நாடகங்கள் பிரமாதம் என்று சொல்ல முடியாது. நீளம் அதிகம். வயலினில் சுருதி கடைசிவரை நின்றதில்லை. ஓவியங்களில் மரங்கள் நன்றாக வந்தன. மனிதர்களும் மரம்போலவே நின்றார்கள்.

அறுபத்தாறாவது வயதில் ஏழு வித்தைக்காரருக்குக் கைநடுக்கம் வந்தது. முதலில் வயலின் போயிற்று, பிறகு தூரிகை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் நாற்காலியில் சாய்ந்து, பூர்வீக வீட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரு தம்பி தவிக்கும் புது நாடகத்துக்கு வசனம் சொல்ல, பழைய எதிர் வக்கீல் எழுதிக்கொண்டார்.

“இந்தத் தம்பி இப்படிப் பேச மாட்டான் சார்,” என்பார் எழுதுகிறவர்.

“என் ஆளு. நான் சொல்றதைத்தான் பேசுவான்.”

“சாட்சி மாதிரி பல்டி அடிப்பான் பாருங்க.”

“அண்ணா, அவர் சொல்றதையே எழுதிடுங்க. தீர்ப்பை நான் அப்புறம் சொல்றேன்,” என்பார் மனைவி உள்ளேயிருந்து.

மூன்றாம் அங்கத்தைத் தொடங்காமலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை மதியத் தூக்கத்தில் ஏழு வித்தைக்காரர் போய்விட்டார்.

மிச்சத்தை எழுதி முடிக்க எதிர் வக்கீல் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். பேனாவை எடுத்தால் வாதுரைதான் வந்தது. கிழித்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட அரங்கில், நாற்பது பேர் முன்னால், இருந்த இரண்டு அங்கங்களைக் குழுவினர் படித்தார்கள். முடிந்ததும் எதிர் வக்கீல் மேடையின் முன்னால் வந்து, “இவ்வளவுதான் சொன்னாரு. மிச்சம் எனக்குத் தெரியாது,” என்றார்.

யாரும் உடனே எழவில்லை. முன்வரிசையில் ஒருவர் அடுத்த நாற்காலிக்காரரிடம், “அந்தத் தம்பி வீட்டை விப்பானா?” என்று கேட்டார். மாட்டான் என்றார் அவர். விற்பான் என்றார் கேட்டவர். வாசலில் செருப்பு மாட்டும்போதும் அந்த விவகாரம் ஓயவில்லை.